லிபோரியோ விற்ற பால்கனி

என் புகையிலைக் கடைக்கு நேர் எதிரே, கடற்சுவரை ஒட்டி ஓர் ஓட்டல் இருக்கிறது. வாசல் வளைவின் மேல் கல்லில் ஒரு கிரீடம். அதன் கீழே ‘அரசர் மாளிகை’ என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கும். நான்கு மொழியிலும் அது பொய். அது நெத்திலிக்கு உப்புப் போட்ட கிடங்கு. அந்தக் கிரீடத்துக்கு என்னைவிட வயது குறைவு. பலேர்மோவில் கல்லறைச் சிலுவை செதுக்குகிற ஒருவனிடம் சொல்லிச் செய்து வாங்கி வந்தது.

ஓட்டலின் சொந்தக்காரன் லிபோரியோ. அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரியாவது சொல்லலாம் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். பல் வரிசையாக இருக்கும். அவ்வளவுதான் தோன்றுகிறது.

அவன் அப்பா கஸ்பாரே அந்தக் கிடங்கில் முப்பது வருடம் நெத்திலியின் தலையைக் கிள்ளி, அடுக்கி, உப்புத் தூவி, மேலே கல்லை வைத்து அழுத்தினார். ஊரில் பாதிக் குடும்பம் அந்த உப்பில்தான் ரொட்டி தின்றது. எங்கள் எல்லார் மேலும் மீன் வாடை அடித்தது. அதனால் யாருக்கும் யார் வாடையும் தெரியவில்லை. லிபோரியோ மட்டும் எலுமிச்சை இலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான். நாங்கள் அவனை எலுமிச்சை போட்ட நெத்திலி என்று கூப்பிட்டோம். பதினெட்டு வயதில் சுவிட்சர்லாந்துக்கு, ஓட்டலில் தட்டுத் தூக்கப் போனான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வரவில்லை. அடக்கத்துக்கு வந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிடங்கை அளந்தான்.

திரும்பி வந்தவனிடம் ஒரு மெல்லிய மீசையும், யாரைக் கண்டாலும் இடுப்பை வளைக்கும் பழக்கமும் இருந்தன. யாரைக் கண்டாலும் என்றால் வெளியூர்க்காரர்களைத்தான். எங்களுக்கு அந்த இடுப்பு வளையாது. கிடங்கின் உப்புத் தொட்டிகளை இடிக்க நிறைய செலவாகும் என்று தெரிந்ததும் அவற்றுக்கு விளக்குப் போட்டான். நார்மன் அரசர் குளித்த தொட்டிகள் என்று பலகை வைத்தான். பேருந்தில் வந்து இறங்குகிற கூட்டம் அதன் முன் நின்று வாயைப் பிளக்கும். அரசர் என்ன குளித்தாரோ, நெத்திலி குளித்ததை நான் பார்த்திருக்கிறேன். தெற்கிலிருந்து அனல் காற்று வீசும் நாட்களில் சுவர் வியர்த்து, பழைய வாடை மொத்தமும் வெளியே வரும். அன்றைக்கு அவன் சாம்பிராணி போட்டுவிட்டு, “இது எங்கள் கடலின் மணம்” என்பான். அவர்களும் மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேராலயத்தில் பொன் துண்டுகள் பதித்த கிறிஸ்துவின் முகம் இருக்கிறது. எண்ணூறு வருடமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். இவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. ஒரு ஐஸ்கிரீம் உருகி முடிப்பதற்குள் கோயில், கோட்டைச் சுவர், துறைமுகம் எல்லாம் பார்த்து முடித்துவிடுவார்கள். என் கடைக்கு வந்தால் எல்லா அஞ்சல் அட்டையிலும் விரல் ரேகையைப் பதித்துவிட்டு, ஒன்றே ஒன்றை வாங்குவார்கள்.

லிபோரியோவுக்கு ஒரே ஒரு தங்கை, செராஃபினா. அப்பாவோடு கடைசிவரை உப்பில் கை வைத்தவள் அவள்தான். இன்றைக்கும் குளிர்காலத்தில் அவள் விரல் வெடிக்கும். கிடங்கு அண்ணனுக்கு, சலவைத்துறைச் சந்தின் கடைசியில் இரண்டு அறை வீடு தங்கைக்கு என்று ஆயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்பிடிக்கிற தின்தரோவைக் கட்டிக்கொண்டாள். வலையிழுக்கும் கயிறு சுற்றி அவனுடைய வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது. மிச்சமிருந்த மூன்று விரலோடு அவன் எங்கள் புனிதரை நாற்பது வருடம் தோளில் சுமந்தான்.

எங்கள் புனிதர் பர்த்தலமேயு. அவரை உயிரோடு தோலுரித்தார்கள். உரித்த தோலைத் துவைத்த துணி மாதிரி இடது கையில் போட்டுக்கொண்டு, வலது கையில் கத்தியோடு நிற்கிறார். போட்டிருந்த கோட்டை ஏன் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார் என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டாள். வெயில் அதிகம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்டில் அவருடைய பவனி. அன்றைக்கு எல்லா பால்கனியிலும் கல்யாணத்துக்கு வந்த பட்டு விரிப்புகள் தொங்கும். படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் இருக்கிற வீட்டில் மட்டும் வெள்ளை விரிப்பு. வெள்ளை தெரிந்தால் சப்பரம் நிற்கும். வாத்தியம் ஓயும். சுமக்கிறவர்கள் சப்பரத்தைக் கீழே இறக்க மாட்டார்கள், தோளிலேயே தாங்குவார்கள். மணிக்காரர் மேலே பார்த்தபடி மூன்று பரலோக மந்திரம் சொல்லுவார். அதற்குள் நோயாளி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இந்த வருடமும் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கை தெரிந்தால் மூன்று மணி அடித்துவிட்டு நகர்வோம். கை தெரியாவிட்டால் உயிர் போய்விட்டது என்று கணக்கு. ஒற்றை மணி அடிக்கும். தொப்பியைக் கழற்றுவார்கள். சாவு வாத்தியம் வாசித்துக்கொண்டு புனிதர் அந்த வீட்டைக் கடந்து போவார். ஒருமுறை கடந்தால் திரும்ப மாட்டார்.

இதனால் பவனி நாளில் ஊரில் யாரும் வெள்ளைத் துணி காயப்போட மாட்டார்கள். ஒரு வருடம் லிபோரியோவின் ஓட்டலில் தங்கிய டச்சுக்காரன் ஒருவன் குளித்த துண்டைப் பால்கனியில் போட்டுவிட்டான். சப்பரம் நின்றுவிட்டது. அவன் எட்டிப் பார்த்து, சந்தோஷமாக பீர் பாட்டிலை உயர்த்தினான். கை உயர்ந்ததே, என்ன செய்வது? மூன்று மணி அடித்துவிட்டுப் போனோம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. லிபோரியோ சிரிக்கவில்லை. தன் வாசலில் சப்பரம் நின்றதும் சாலையில் இருந்த அத்தனை சுற்றுலாக்காரர்களும் படம் எடுக்க ஓடி வந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் மண்டையில் தங்கிவிட்டது.

தின்தரோ மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தான். நெஞ்சில் வந்த நோய் முதலில் காலை எடுத்தது, பிறகு குரலை எடுத்தது. காதை அவன் வாயருகே கொண்டுபோனால்தான் பேசுவது கேட்கும். அந்தக் கோடையில், அடுத்த ஆகஸ்டை அவன் பார்க்க மாட்டான் என்று டாக்டர் செராஃபினாவிடம் சொல்லிவிட்டார். அது தின்தரோவுக்கும் தெரியும். இதுதான் கடைசிப் பவனி.

பவனிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விளையாட்டுப் பத்திரிகையை அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். லிபோரியோ வந்தான். கையில் கேக் பெட்டி. அந்தச் சந்துக்குள் அவன் நுழைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்ததால் வீட்டு வாசலைத் தவறவிட்டு, பக்கத்துக் கோழிக்கூட்டு வாசலில் நின்று கூப்பிட்டான்.

“மாப்ளே, இந்தப் பொந்துல கெடந்துகிட்டு நீ என்னத்தைப் பாக்கப் போற?” என்றான் உட்கார்ந்ததும். “சப்பரம் சந்துக்குள்ள வராது. முக்குலயே நின்னுடும். உன் சன்னல்லேருந்து பாத்தா கத்தி தெரியும், கை தெரியும். அதோட சரி. என் பால்கனிக்கு வா. முகத்துக்கு முகம் பாக்கலாம்.”

செராஃபினா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தபடி, “இத்தனை வருஷமா இல்லாத அக்கறை இப்ப எங்கேருந்துண்ணே வந்துது?” என்றாள்.

“ரத்தம் தாயி, ரத்தம்.”

“அப்பா கெடந்தப்ப அந்த ரத்தம் சுவிட்சர்லாந்துல உறைஞ்சு போயிருந்துதோ?”

அவன் காதில் விழாத மாதிரி கேக்கை வெட்டினான். நான் சும்மா இருக்கவில்லை. “இளவரசரே, வெள்ளை விரிப்பு வேணும்னா உன் வீட்டுலயே யாராவது சாகக் கெடக்கக் கூடாதா? நீயே படுத்துக்கயேன்” என்றேன்.

“நின்ஃபா, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“நல்ல ஆளு வந்தா வரும்.”

ஆனால் தின்தரோ கையை அசைத்து செராஃபினாவைக் கூப்பிட்டான். அவள் குனிந்தாள். நானும் குனிந்தேன்.

“நாப்பது வருஷம் சுமந்திருக்கேன்” என்றான். “தலையைக் குனிஞ்சே சுமந்தது. பவனியில அவர் முகத்தை ஒருதரம்கூட பாத்ததில்லை.”

“அதான் கோயில்ல வருஷம் பூரா பாத்தியே” என்றேன்.

“கோயில்ல அவர் சும்மா நிக்கிறாரு நின்ஃபா. பவனியிலதான் நம்மகிட்ட வர்றாரு.”

செராஃபினா அண்ணன் பக்கம் திரும்பி, “அவரை முன்னால உக்கார வைப்பியா?” என்று கேட்டாள்.

“முன்னால, நட்ட நடுவுல. வேற ஒருத்தரையும் விட மாட்டேன். எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

அவனுக்குப் பிள்ளைகள் கிடையாது. அது எங்களுக்கு அப்போது உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம்.

பவனி நாள் மதியம் நான்கு மீனவர்கள் தின்தரோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சுமக்கிறவர்கள் தலையில் கட்டும் சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டியிருந்தாள் செராஃபினா. கடையைத் தாண்டும்போது அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பால்கனியில் வெள்ளை விரிப்பு தொங்கியது. மூலையில் தங்க நூலில் கிரீடம் வேறு. சாகக் கிடக்கிறவனின் விரிப்பிலும் விளம்பரம்.

செராஃபினா அவனோடு உட்காரவில்லை. நோயாளியின் மனைவி வெறுங்காலோடு சப்பரத்தின் பின்னால் நடக்க வேண்டும். அவனை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

வெயில் சாயும் நேரம் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. முன்னால் குச்சியில் கொடி கட்டிய ஒருத்தி. நேராக ஓட்டலுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பால்கனி நிரம்பியது. ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு கைபேசி. அந்தப் பால்கனியை லிபோரியோ கப்பல்காரர்களுக்கு விற்றிருந்தான், ‘புனிதரோடு ஒரு மாலை’ என்று. பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் என் கடை வாசலில் நின்றுகொண்டு, தின்தரோ முன்னால் கீழே உட்கார்ந்திருப்பான், விரிப்பு மறைக்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

சப்பரம் வந்தது. முன்னால் மணிக்காரர் அகத்தினோ. அவரும் தின்தரோவும் நாற்பது வருடம் ஒரே கட்டைக்குத் தோள் கொடுத்தவர்கள். வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் மணியை அடித்தார். சப்பரம் நின்று, மெல்லத் திரும்பி, புனிதரின் முகம் பால்கனியைப் பார்த்தது. வாத்தியம் ஓய்ந்தது. சாலை முழுக்க அமைதி. கடல் சுவரில் மோதுகிற சத்தம் மட்டும்.

அப்போது பால்கனியில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள்.

ஒன்றிரண்டு கையல்ல. பால்கனி முழுக்கக் கைகள். ஒருத்தி புனிதருக்கு முத்தம் பறக்கவிட்டாள். ஒருவன் சீட்டியடித்தான். அகத்தினோ அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டச்சுக்காரன் யாரென்று அவருக்குத் தெரியாது, அதனால் அவன் கை போதுமானதாக இருந்தது. தின்தரோவின் கையை அவருக்குத் தெரியும். மூன்று விரல் உள்ள ஒரு கையை அவர் அத்தனை கைகளுக்கு நடுவில் தேடினார். முதல் மந்திரம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. சுமந்தவர்களின் கால் நடுங்கியது, ஒருவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவது மந்திரத்தை அகத்தினோ வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சாமியாரே அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பால்கனியின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட லிபோரியோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பல்.

மந்திரம் முடிந்தது. அகத்தினோ ஒற்றை மணி அடித்தார்.

தொப்பிகள் இறங்கின. நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். நாற்காலியில் தூக்கி வந்த அலைச்சலே அவனைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சாவு வாத்தியம் தொடங்கியது. பால்கனியில் கை தட்டினார்கள்.

சப்பரத்தின் பின்னாலிருந்து செராஃபினா கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெறுங்காலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அந்த ஓட்டல் வாசற்படியை மிதிப்பதில்லை என்று இருந்தவள் நான். அன்றைக்கு அவள் பின்னால் மாடிவரை ஓடினேன்.

அறைக்குள் முதுகுகள்தான் தெரிந்தன. பால்கனிக் கதவு முழுக்க முதுகு. இந்தப் பக்கம், துணி அலமாரியோடு ஒட்டித் தள்ளி வைத்த நாற்காலியில் தின்தரோ இருந்தான். உயிரோடு இருந்தான். வலது கை மேலே உயர்ந்திருந்தது. அது தானாக நிற்காததால் இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். மூன்று விரலும் விரிந்திருந்தன.

செராஃபினா அவன் காலடியில் விழுந்தாள்.

“என்னைப் பாத்தாரா?” என்று கேட்டான்.

அவன் வாத்தியத்தைக் கவனித்துக் கேட்டான். எத்தனையோ வாசலில் அந்த வாத்தியத்துக்குத் தொப்பியைக் கழற்றியவன் அவன்.

“யாரு செத்துட்டா?” என்றான்.

செராஃபினா அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுவதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவன் புரிந்துகொண்ட அந்த நொடியில் அங்கே நின்ற எல்லாரையும் கடலில் தள்ள வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

லிபோரியோ முதுகுகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தபடி, “பாத்தியா மாப்ளே, எவ்ளோ நேரம் நின்னாரு! இந்த ஊர்ல எந்த வாசல்லயும் இவ்ளோ நேரம் நின்னதில்லை!” என்றான்.

செராஃபினா எழுந்தாள். “ஏண்ணே அவரைப் பின்னால தள்ளின?”

“காத்து அடிச்சுது. அவன் உடம்புக்கு ஆகாதேன்னு...”

“ஏண்ணே தள்ளின?”

“காசு குடுத்து வந்தவங்க தாயி. வெளியூர்க்காரங்களை நகருங்கன்னு நான் எப்படிச் சொல்ல? ஒரு அஞ்சு நிமிஷ விஷயம்.”

“அவரு கையைத் தூக்கினது உனக்குத் தெரியாது?”

“தெரிஞ்சுது. எனக்குத்தான் தெரியுதேன்னு இருந்துட்டேன்.”

“வாசிச்சது என்ன பாட்டுன்னு உனக்குத் தெரியாது?”

அவன் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “மெதுவாப் பேசு. விருந்தாளிங்களுக்காக விசேஷமா வாசிக்கிற பாட்டுன்னு அவங்ககிட்ட சொல்லிருக்கேன்.”

செராஃபினா அவனைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். அவளோ அவன் முகத்தை நிதானமாக ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு, “நின்ஃபா, அந்தப் பக்கம் புடி” என்றாள். மீனவர்கள் வரும்வரைகூடக் காத்திருக்காமல் நாங்கள் இரண்டு பெண்களும் நாற்காலியைத் தூக்கிப் படியில் இறக்கினோம். கீழே வந்துகொண்டிருந்தபோது கொடிக்காரி எங்களைப் படம் எடுத்தாள்.

அவனை வீட்டில் விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். பவனியின் முடிவில் கடலில் ஒரு சுற்று வரப் புனிதரைப் படகில் ஏற்றியாகிவிட்டது. அகத்தினோ கரையில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார். தின்தரோ இருக்கிறான் என்று சொன்னேன். அவர் என்னை வெறித்தார்.

“இருக்கானா?”

“இருக்கான். கையைத் தூக்கிட்டேதான் இருந்தான். அந்தத் தொப்பிக் கழுதைங்க மறைச்சிட்டாங்க. புனிதரைத் திருப்புங்க அகத்தினோ அண்ணே. ஒரே ஒரு தரம்.”

“அவர் திரும்ப மாட்டாரு நின்ஃபா. எங்க அப்பனுக்கே திரும்பலை.” அவர் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டார், அது தற்செயலாகக்கூட ஒலிக்கக் கூடாது என்பதுபோல. “உசிரோட இருக்கறவனுக்கு நான் ஒத்தை மணி அடிச்சிட்டேனே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தச் சந்துக்குள்ள போவேன்?”

மறுநாள் காலை நான் கடைக் கதவைப் பாதி தூக்கும்போதே செராஃபினா குனிந்து உள்ளே வந்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு. சாவு வாத்தியம் வாசித்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக் கதவில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒட்டுவார்கள். யார் போனார்கள் என்று அதில் அச்சடித்திருக்கும். அதை நான்தான் விற்கிறேன். ஒன்றும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து, ‘என் கணவருக்காக’ என்ற தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

அவள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“இது வேணாம். அவரு காப்பி குடிச்சிட்டு இருக்காரு.”

“அப்புறம்?”

“அண்ணனுக்கு இருக்கா?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. உப்பு வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். இழுப்பறையின் அடியில் துழாவி, இருந்ததிலேயே பெரிய தாளாகப் பார்த்து எடுத்தேன். ‘என் சகோதரனுக்காக.’

“பசை இருக்கா வீட்டுல?” என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கு.”

பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கோழிச்சாறு கொண்டுபோனார்கள், வேகவைத்த இறைச்சி கொண்டுபோனார்கள், ரொட்டி, பிஸ்கட், பெரிய பாத்திரத்தில் காப்பி. நான் கடையைச் சாத்திவிட்டு, பொரித்துப் புளிக்காடியில் போட்ட கத்தரிக்காய் எடுத்துப் போனேன். சந்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் கறுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அகத்தினோ வந்தார், வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். தின்தரோ அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்கு நாங்கள் துக்கம் விசாரிப்பதில்லை.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் லிபோரியோ வந்தான். தங்கை கறுப்பு உடுத்தியிருக்கிறாள் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மச்சான் போய்விட்டான் என்று முடிவு செய்துவிட்டான். கறுப்பு டை கட்டி, வெள்ளை லில்லிப் பூவை எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். பூ ஓட்டல் வரவேற்பறையில் முந்தின நாள் வைத்திருந்தது, எனக்கு அடையாளம் தெரிந்தது.

சன்னலில் தின்தரோ கோழிச்சாறு குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் வாய் தடுமாறியது. பிறகு கதவைப் பார்த்தான். வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான். செராஃபினாவுக்கு ஒரே ஒரு சகோதரன்தான் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன தாயி இது?” என்றான்.

செராஃபினா எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவனை நீ, வா என்று பேசியவள், “வாங்க” என்றாள். “துக்கம் கேக்க வந்தீங்களா? உக்காருங்க. காப்பி குடிங்க.”

“செராஃபினா, ஊரு பாக்குது.”

“எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சின்ன வயசுல அவனுக்கு மீன் வாடையே ஆகாது. நான்தான் அவன் பங்குக்கும் நெத்திலி கிள்ளுவேன். அப்பா கேட்டா, அவனும் செஞ்சான்னு சொல்லுவேன்.” அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. “எனக்கு ஒரே ஒரு அண்ணன். நேத்து சாயங்காலம் போயிட்டான்.”

அவன் சன்னல் பக்கம் திரும்பினான். “மாப்ளே, நீயாவது சொல்லேன்.”

தின்தரோ அகத்தினோவிடம் ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்பான் என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. ஒரு வார்த்தை, முழங்காலை மடக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பாள், அவளை எனக்குத் தெரியும். ஊரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எங்கள் எல்லாரையும் பார்த்தான், கையில் இருந்த பூவைப் பார்த்தான். சுவிட்சர்லாந்தில் கற்ற பாடம்தான் கடைசியில் உதவிக்கு வந்தது. இடுப்பை வளைத்தான். பூவை வாசலில் வைத்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“என் ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றான். போக அடியெடுத்து வைத்தவன், சாவு வீட்டில் எல்லாரும் சொல்வதையும் சொல்லி வைப்போம் என்று நினைத்தானோ என்னவோ, “நல்ல மனுஷன்” என்றும் சொன்னான்.

“அப்படித்தான் வர்றவங்க எல்லாம் சொல்றாங்க” என்றாள் செராஃபினா.